பெரியவர் சொன்ன சாட்சி

எசென் வியாழக்கிழமை விடிகாலையில் கண்ணை மூடியபோது பீன்ஸ் பயறு வயலிலேயே கிடந்தது. அவன் விதைத்தது. அவன் நோயில் படுத்த பிறகு மனைவி புருல் ஒற்றை ஆளாகச் செடியைப் பிடுங்கி வரிசை வரிசையாகக் காயப் போட்டிருந்தாள். இன்னும் நாலு நாள் வெயில் அடித்தால் டிராக்டரை ஓட்டி அடித்து மூட்டை கட்டிவிடலாம். ஆனால் மூன்று நாளாக மலைக்கு மேலே மேகம் கறுத்துக்கொண்டே வந்தது. தலாஸ் பள்ளத்தாக்கில் காய்ந்த பயற்றின் மேல் ஒரு மழை விழுந்தால் போதும், வெள்ளைப் பயறெல்லாம் புள்ளி விழுந்து போகும். துருக்கி வியாபாரி ஒரு கை அள்ளிப் பார்ப்பான், முகத்தைச் சுளிப்பான், அப்படியே கொட்டிவிட்டு வண்டியேறிவிடுவான். புருஷனைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு பயற்றை நினைக்கிறோமே என்று புருலுக்கு வெட்கமாக இருந்தது. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

சூரியன் ஏறுவதற்குள் பெரியவர் வந்துவிட்டார். எசெனின் அண்ணன் துர்தகுனைத்தான் அவள் பெரியவர் என்பாள். கைராக் ஊருக்கு மருமகளாக வந்தவள் புருஷனுக்கு மூத்தவர்களின் பேரை வாயால் சொல்லக் கூடாது. முப்பத்தொரு வருஷமாகப் புருல் சொன்னதில்லை. ஒரு தரம் ஊர் ஆபீசில் மனு எழுதிய குமாஸ்தா, "உன் வீட்டுக்காரரோட அண்ணன் பேரு என்னம்மா?" என்று கேட்க, சுவரில் ஒட்டியிருந்த வாக்காளர் பட்டியலில் விரலை வைத்துக் காட்டிவிட்டு வந்தவள்.

பெரியவர் வாசலிலேயே கம்பை ஊன்றி இடுப்பை வளைத்து நின்று, ஆண்கள் அழ வேண்டிய முறைப்படி, "தம்பியே... என் தம்பியே..." என்று உரக்க அழுதார். முறைக்காக ஆரம்பித்த அழுகைதான். பாதியில் நிஜமாகிவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தவர், மகன்களை அழைத்து, உடலைக் கிடத்த முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போடச் சொன்னார். சாவுச் சாப்பாட்டுக்குத் தன் செம்பட்டைக் குதிரையை அறுக்கச் சொன்னார். பன்னிரண்டு வருஷமாகத் தம்பியோடு ஒரு தட்டில் கை வைக்காத மனுஷன், தம்பி சாவுக்குத் தன் சொந்தக் குதிரையைக் கொடுத்தது ஊருக்கே ஆச்சரியம்.

கூடாரம் ஏறி முடிந்ததும் அவளிடம் வந்தார்.

"பிள்ளே, எங்க வைக்கிறதா உத்தேசம்?"

"எங்க பொண்ணு அனார் பக்கத்துல, அத்தான். அதான் அவரு கேட்டது."

"வேற என்ன கேட்டான்?"

புருல் தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"கேக்குறேன்ல. அவன் ஒண்ணோட நிறுத்துற ஆளா? எனக்குத் தெரியாதா அவன?"

"நான் ஏசுவோட ஆளுன்னு சொல்ல வெக்கப்படாதே, செத்த பெறகு எம்மேல பொய்ய ஏத்திடாதேன்னாரு."

பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டே கூடாரத்தைப் பார்த்தார். "ரெண்டும் வேணுமாமா அவனுக்கு? சின்னப் பிள்ளையிலயும் இதே கததான். குதிர மேலயும் உக்காரணும், நாய்க்குட்டியையும் கையில வச்சுக்கணும். ஏதாவது ஒண்ணுடான்னா ஊரக் கூட்டி அழுவான்." கம்பால் ஊர்க் கல்லறை மேட்டைக் காட்டி, "மேட்டு மேல எடம் வேணும்னா ஜனாஸா தொழுகணும், பிள்ளே. தொழுகணும்னா அவன் நம்ம ஆளா இருக்கணும். இதுல நான் பண்ண ஒண்ணுமில்ல," என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. போன வருஷம் மேலூரில் ஏசுவை ஏற்றுக்கொண்ட ஒரு கிழவன் செத்தபோது, உடலை லாரியில் வைத்துக்கொண்டு ரெண்டு நாள் அலைந்தார்கள். கடைசியில் சொந்த ஆப்பிள் தோட்டத்தில் வைத்தார்கள். தோட்டத்தை வாங்க இனி ஆள் கிடைக்காதென்று அவன் மகன் இன்றுவரை புலம்புகிறான்.

அனார் அவர்களுடைய ஒரே பிள்ளை. ஏழு வயதில் மூளைக்காய்ச்சலில் போனவள். மேட்டின் தெற்குச் சரிவில், தாத்தாவுக்கும் பாட்டிக்கும் கீழே, அவளுடைய சின்ன மண்மேடு இருக்கிறது. அதற்கு எசென்தான் கையால் வேலி போட்டான். அவன் தொழில் வெல்டிங். வேலிக் கம்பிகளில் ஒவ்வொரு மூலையிலும் ஒரு பறவை வைத்து ஒட்டினான். ஒட்டி முடித்த நாளில் குடிக்க ஆரம்பித்தவன் ஐந்து வருஷம் நிறுத்தவில்லை. டவுனில் பாக்கித் என்ற மெக்கானிக்கின் கூரைக்கு இரும்புச் சட்டம் அடிக்கப் போன இடத்தில்தான் நிறுத்தினான். பாக்கித் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடி ஏதோ சொல்வான். "யாருகிட்டப்பா பேசுற?" என்று எசென் கேட்டிருக்கிறான். அங்கிருந்து ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து, அடுக்கி வைத்திருந்த வோட்கா பாட்டில்களை அவனே சாம்பல் போட்டுக் கழுவினான். அதற்கப்புறம் அந்த வீட்டில் பால் எல்லாம் வோட்கா பாட்டிலில்தான். "கானா ஊருல ஏசு தண்ணியத் திராட்சரசமா மாத்தினாராம். நம்ம வீட்டுல வோட்காவப் பாலா மாத்திட்டாரு. இது அதவிடக் கஷ்டமான அற்புதம்," என்பான்.

ஊர் அவனை முதலில் அடித்தது, அப்புறம் விலக்கியது, கடைசியில் கேலி பண்ணியது. கேலிக்குக் காரணம் பக்கத்து வயல்காரன் ஆசில். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் ஆசில் எசெனின் கன்னத்தில் அறைந்தான். எசென் கொஞ்சம் யோசித்தான். யோசித்தான் என்பதை நாலு பேர் பார்த்தார்கள். பிறகு மறு கன்னத்தைத் திருப்பினான். ஆசில் அதற்கெல்லாம் தயங்குகிற ஆளா? அதிலும் ஒன்று வைத்தான். அன்றிலிருந்து எசெனுக்கு ஊரில் 'ரெண்டாங்கன்னம்' என்று பேர். "ஏய் ரெண்டாங்கன்னம், எங்கடா போற?" என்று பொடிசுகள்கூடக் கூப்பிடும். அவனும், "வலது பக்கம் திரும்பி எடது பக்கம் போறேன்," என்று சிரித்துக்கொண்டே போவான்.

ஊரில் யாருக்காவது களம் அடிக்க, வீடு கட்ட, ஊரே சேர்ந்து கைகொடுக்கும் வழக்கம் உண்டு. எசெனை யாரும் கூப்பிடுவதில்லை. இவன் கூப்பிடாமலே போவான். ஓரமாக நின்று வேலை செய்வான். சாப்பாட்டுத் துணியை விரிக்கும் நேரத்தில் அழைப்புக்குக் காத்திராமல் வீட்டுக்கு வந்துவிடுவான். புருல் திட்டுவாள்: "ஒங்களுக்கு மானமே கெடையாதா? நம்ம களத்துக்கு ஒரு நாய் வருதா?" அவன், "ஒரு மைல் வான்னு கூப்பிட்டா ரெண்டு மைல் போகச் சொல்லியிருக்காரு. கூப்பிடவே இல்லன்னா எத்தன மைல்னு சொல்லல. அதான் உத்தேசமாப் போறேன்," என்பான்.

ஜூன் மாதம் அவன் ஈரல் கெட்டுப்போனது தெரிந்தபோது பாக்கித் வந்து தலையில் எண்ணெய் வைத்து ஜெபித்தான். மூன்று நாள் எசென் எழுந்து நடந்தான், இறைச்சி தின்றான். டவுன் சபையில் எல்லாரும் அற்புதம் என்றார்கள். நாலாவது நாள் விழுந்தான். விசுவாசம் போதவில்லை என்று ஒருத்தி முணுமுணுத்தாள். புருலுக்கு அவள் முகத்தில் கொதிக்கிற தேநீரை ஊற்றலாமா என்று வந்தது. எசென் மட்டும், "லாசருவ எழுப்பினாரு சரி. அவனும் அப்புறம் ஒரு நாள் மறுபடியும் செத்திருப்பான்ல, பாவம். ரெண்டு சாவு. நமக்கு ஒண்ணோட முடியுது," என்றான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாக்கித் தன் பழைய காரில் வந்தான். ஆண்கள் வரிசையில் கடைசியில் அவனுக்கும் இடம் விட்டார்கள். சாவு வீட்டில் வாசலுக்கு வந்தவனை யாரும் விரட்டுவதில்லை. புருல் கூடாரத்துக்குள் கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, கம்பளிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். நம்பிக்கை இல்லாதவர்களைப் போல அழக் கூடாது என்று பாக்கித் ஒருமுறை சபையில் சொல்லியிருந்தான். லாசருவின் கல்லறைக்கு முன்னால் ஏசுவே அழுதாரே, எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதாரே என்று நினைத்துக்கொண்டு அவள் தொண்டை கிழிய அழுதாள். கம்பிப் பறவை செய்த கையே, கண்ணீரைத் துடைத்த கையே என்று வாயில் வந்ததையெல்லாம் கட்டி அழுதாள். துர்தகுனின் மனைவி ஜிபர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கூட அழுதாள்.

பாக்கித் வாசலில் மண்டியிட்டு மெதுவாகப் பேசினான்.

"அக்கா, டவுன்ல ரஷ்யக்காரங்க கல்லறையில எடம் கேட்டுட்டேன். குடுத்துட்டாங்க. நம்ம ஆளுங்க பாட்டுப் பாடி வைக்கலாம். பொய் எதுவும் வேண்டியதில்ல."

"அங்க யாரு இருக்கா அவருக்கு?"

"நம்ம சபைக்காரங்க ரெண்டு பேரு இருக்காங்க."

"எம் பொண்ணு இங்க இருக்கா."

"அனார் அந்த மேட்டுல இல்லக்கா. ஆண்டவர்கிட்ட இருக்கா. ஒனக்குத் தெரியாததா?"

"தெரியும். ஆனா அவ எலும்பு இங்கதான கெடக்கு, தம்பி? நான் பெத்த எலும்பு. அத எந்த ஆண்டவரும் தூக்கிட்டுப் போகல."

பாக்கித் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் ரெண்டு பெண் பிள்ளைகள். "சரிக்கா. நீ என்ன சொல்றியோ அதான்," என்று எழுந்து போனான். என்ன சொல்வதென்று அவளுக்குத்தான் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை இமாம் மெல்ஸ் வந்தார். மெல்ஸ் என்பது மார்க்ஸ், ஏங்கெல்ஸ், லெனின், ஸ்டாலின் நாலு பேரின் முதலெழுத்தையும் சேர்த்து அவருடைய கம்யூனிஸ்ட் அப்பா வைத்த பேர். இந்தப் பேரை வைத்துக்கொண்டு தொழுகை நடத்துகிறாரே என்று எசென்கூடச் சிரிப்பான். நாற்பது வயதுவரை டிராக்டர் ஓட்டியவர். கெட்டவர் இல்லை. கூடாரத்தின் வாசலில் நின்று, உள்ளே பார்க்காமல் பேசினார்.

"தங்கச்சி, எனக்கும் வருத்தம்தான். ஈசா நபிய நாங்களும் மதிக்கிறோம். ஆனா எசென் போன வழி வேற, அது ஊருக்கே தெரியும். நான் போலீஸ்காரன் இல்ல, துருவித் துருவிக் கேக்க மாட்டேன். ஒரே ஒரு வார்த்த போதும். கடைசி நேரத்துல அவன் அல்லாவத் தவிர வேற ஆண்டவன் இல்லன்னு கலிமா சொன்னானா? நீ கேட்டியா?"

கூடாரத்துக்குள் பெண்களின் அழுகை நின்றது. வெளியே ஆண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கறி வேகிற கொப்பரையின் சத்தம் மட்டும் கேட்டது. ஜிபர் அவள் முழங்கையைக் கிள்ளினாள். "ஆமான்னு சொல்லு பிள்ளே. ஆமான்னு சொல்லிட்டு அழுதுக்கோ," என்று காதுக்குள் சொன்னாள்.

புருல் அவன் கடைசி நேரத்தை நினைத்துப் பார்த்தாள். அவள் பக்கத்திலேயே இருந்தாள். அவன், "ஏசுவே, மழ பெய்யாம பாத்துக்க," என்று சொன்னான். அப்புறம் தண்ணீர் கேட்டான். அவ்வளவுதான். வாயைத் திறந்து இல்லை என்று சொன்னால் அனார் பக்கத்து இடம் போய்விடும். ஆமாம் என்று சொன்னால் எசென் போய்விடுவான்.

"அவகிட்ட என்ன கேள்வி?" வெளியே பெரியவரின் குரல் எழுந்தது. "புருஷன் செத்த பொம்பளகிட்ட சாட்சி கேக்குறியா மெல்ஸ்? என்னக் கேளு."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும், அண்ணே?"

"புதன்கிழம வந்து பாத்தேன்ல. எங்கையப் பிடிச்சுக்கிட்டு சொன்னான். முழுசாச் சொன்னான். அல்லா மேல ஆணையாக் கேட்டேன்."

புதன்கிழமை பெரியவர் வந்தது உண்மை. வாசல் நிலையைப் பிடித்து நின்றபடி, "தண்ணி கிண்ணி குடிச்சியாடா?" என்று கேட்டார். எசென் தலையை ஆட்டினான். பெரியவர் உள்ளேகூட வராமல் போய்விட்டார். புருல் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். ஐந்து வேளையும் தொழுகிற மனுஷன், ஆட்டை விற்கும்போதுகூட நொண்டி என்றால் நொண்டி என்று சொல்லி விற்கிற மனுஷன் இப்போது ஊரைக் கூட்டி வைத்துப் பொய்ச் சத்தியம் பண்ணுகிறார். ஏசுவின் சீடன் பேதுரு மூன்று தரம் வாயைத் திறந்து அவரை மறுதலித்தான். இவள் வாயையே திறக்கவில்லை.

"ஒங்க வார்த்தைய நான் எப்பவும் நம்புறவன் அண்ணே," என்றார் மெல்ஸ். அவர் குரலில் பெரிய பாரம் இறங்கினது தெரிந்தது.

பெண்கள் மேட்டுக்குப் போவதில்லை. குளிப்பாட்டித் துணி சுற்றி வெளியே வைத்து, ஆண்கள் வரிசையாக நின்று தொழுததைப் புருல் கம்பளிச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டாள். தொழுகை முடிந்து மெல்ஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "ஜனங்களே, இந்த எசென் எப்படிப்பட்ட மனுஷன்?"

எந்தச் சாவிலும் இந்தக் கேள்வி முடியுமுன்னே, 'நல்ல மனுஷன்' என்று ஊர் முழங்கிவிடும். திருடனுக்கும் முழங்கும், பெண்டாட்டியை அடித்தவனுக்கும் முழங்கும். அன்றைக்கு யாரும் பேசவில்லை. யாரோ இருமினார்கள். குதிரை ஒன்று கனைத்தது. புருல் கம்பளியில் நெற்றியை அழுத்திக்கொண்டாள்.

"நல்ல மனுஷன்." கரகரத்த குரல். ஆசிலுடைய குரல். "நான் ரெண்டு தரம் அடிச்சேன். நல்ல மனுஷன்."

அப்புறம் எல்லாரும் சொன்னார்கள். எசென் அனார் பக்கத்துக்குப் போனான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போக அவள் செருப்பை மாட்டும்போது வாசலில் டிராக்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தது ஆசில். பின்னால் ஊரே வந்தது, கவைக்கோலும் சல்லடையும் சாக்குமாக.

"மதினி, மழ வரப்போவுது. நீங்க டீ மட்டும் போடுங்க, மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவள் களத்தில் ஊர்க்கை விழுந்தது. காய்ந்த செடியைக் களத்தில் பரப்பி டிராக்டரை வட்டம் வட்டமாக ஓட்டினார்கள். பெண்கள் காற்றில் தூற்றினார்கள். தூசி மூக்கை அடைத்தது. நல்லவேளையாகக் காற்று இருந்தது. ஜிபரும் புருலும் மாவைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி எண்ணெயில் பொரித்து மலைபோல் குவித்தார்கள். "நம்ம எசென் இருந்தா இந்நேரம் ஓரமா நின்னு அடிச்சுக்கிட்டிருப்பான்," என்றான் ஒருவன். நம்ம எசென். சாப்பாட்டுத் துணியை விரித்து நாற்பது பேர் வட்டமாக உட்கார்ந்தார்கள். அஞ்சு அப்பத்தால் கூட்டத்தை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டதை எசென் ஆசை ஆசையாகச் சொல்வான். அவன் வாசலில் இப்படி ஒரு கூட்டம் உட்கார அவன் எத்தனை ஏங்கியிருப்பான்! உட்கார வைத்தது ஒரு பொய். புருல் எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள், "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றாள். அவள் வாயில் ஒரு துண்டு இறங்கவில்லை. கடைசி மூட்டை கொட்டகைக்குள் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. பெரியவர் மட்டும் அன்று களத்துக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் டவுனுக்குப் போனாள். லூபா அம்மாள் வீட்டு முன்னறையில் பதினோரு பேர் கூடுகிற சபை. எசெனையும் சேர்த்தால் பன்னிரண்டு. ஊர்ப் பேச்சு அங்கே அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. பாக்கித் கதவருகில் நிறுத்தி, "அக்கா, எசென் அண்ணன் கடைசியில திரும்பிப் போயிட்டாருன்னு சொல்றாங்களே. நெஜமா?" என்று கேட்டான். சொன்னால் பெரியவர் தலை உருளும். மேடு தோண்டப்படும். "நீ அவர அறியாதவனா?" என்று மட்டும் சொன்னாள். அது பதில் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. அன்று நோயாளிகளுக்காக ஜெபித்தார்கள், வழிப்போக்கர்களுக்காக ஜெபித்தார்கள். எசெனின் பேரை யாரும் எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் எடுக்கவில்லை. ஊர் அவனை எடுத்துக்கொண்டது, சபை அவனை விட்டுவிட்டது. இரண்டுமே அவள் வாயைத் திறக்காததால் வந்தது.

நாற்பதாம் நாள் சடங்குக்கு இன்னும் பத்து நாள் இருந்தபோது பெரியவர் வந்தார். புருல் தரையில் துணி விரித்துப் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். உடைந்தது ஒரு பக்கம், புள்ளி விழுந்தது ஒரு பக்கம், நல்லது மடியில். பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். ஒன்றும் பேசாமல் அவரும் பொறுக்க ஆரம்பித்தார். மெலிந்துபோயிருந்தார்.

"இது நல்லதா கெட்டதா?" என்று ஒரு பயற்றைக் காட்டினார்.

"அடியில புள்ளி இருக்கு, அத்தான். அந்தப் பக்கம் போடுங்க."

போட்டார். பத்துப் பயறு பொறுக்கியிருப்பார்.

"மசூதிக்குப் போறேன். எல்லாருக்கும் பின்னால நிக்கிறேன். குனிஞ்சா வாயில ஓத வரல, பிள்ளே. அல்லா மேல ஆணையான்னு சொல்லிட்டேன். ஒனக்குத் தெரியும்ல, அவன் ஒண்ணும் சொல்லல."

"தெரியும், அத்தான்."

"தெரியும்னு எனக்கும் தெரியும். ஒன்னத் தவிர யாருக்கும் தெரியாது. அதான் இங்க வந்தேன்." கையில் இருந்த பயற்றைத் துணியில் கொட்டினார். "மன்னிப்புக் கேட்டா கெடைக்கும். ஆனா பொய்ய மடியில வச்சுக்கிட்டு எப்பிடிக் கேக்குறது? பொய்ய எடுத்து வெளிய போட்டா, மேட்டுலேந்து தம்பியும் வெளிய வரணும். நான் எங்கிட்டுப் போக? ஒங்க ஏசு மன்னிக்கிறவரு, மன்னிக்கிறவருன்னு அவன் ஓயாமச் சொல்லுவான். அங்க ஏதாச்சும் வழி இருக்கா?"

"எங்க பக்கத்துலயும் அப்படித்தான். மறச்சு வச்சுக்கிட்டுக் கேக்க முடியாது." புருலுக்கு அழுகை வந்தது. "நீங்களாவது அவருக்காகப் பொய் சொன்னீங்க. நான் வாய மூடிக்கிட்டு ஒங்கள சொல்ல விட்டேன். ஒங்களவிட நான்தான் மோசம்."

"நீ சும்மா இரு. நீ என்ன பண்ணுவ?" என்று அதட்டினார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஞாயித்துக்கிழம ஒங்க எடத்துல எனக்காகக் கேளு," என்றார்.

"அங்க பதினோரு பேரு இருக்கோம். அதுல ஒருத்தியோட அக்கா இந்த ஊருலதான் வாழ்க்கப்பட்டிருக்கா. நான் சொன்னா ஒரு வாரத்துல இங்க வந்துரும், அத்தான்."

பெரியவர் ஒரு புள்ளிப் பயற்றை எடுத்து அந்தப் பக்கம் போட்டார்.

"வரட்டும். மெல்ஸு மம்பட்டிய எடுத்துக்கிட்டு வந்தா, நான் முன்னாலயே போய் அது மேல படுத்துக்கிறேன். என்னத் தோண்டிட்டு அவனத் தோண்டட்டும். எழுபத்தோரு வயசாச்சு. ரெண்டு கன்னத்துலயும் அடி வாங்கித்தான் பாப்போமே." எழுந்து செருப்பைத் தேடியவர் திரும்பினார். "பேரு சொல்லிக் கேளு. பெரியவர், அத்தான்னெல்லாம் சொன்னா ஒங்க ஏசுவுக்கு என்ன தெரியும்? ஒலகத்துல எத்தன அத்தான்?"

"நான் எப்படி ஒங்க பேர..."

"நான் சொல்றேன்ல. சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை லூபா அம்மாள் வீட்டில் ரொட்டி பிட்கிற நாள். பாக்கித் ரொட்டியைக் கையில் எடுக்குமுன், வழக்கம்போல, யாருக்காகவாவது ஜெபிக்க வேண்டுமானால் சொல்லுங்கள் என்றான். ஒருவர் மகனுக்காக, ஒருவர் முழங்காலுக்காக. சுற்று புருலிடம் வந்தது. அவள் எழுந்து நின்றாள். முப்பத்தொரு வருஷம் அடக்கிய நாக்கு எழவில்லை. மேல்துணியின் நுனியை முறுக்கினாள். கைராக்கில் அக்கா உள்ளவள் தன்னையே பார்ப்பது தெரிந்தது. இனி கைராக்கில் தன் களத்தில் யாரும் கால் வைக்க மாட்டார்கள் என்பதும் தெரிந்தது. எசென் அனார் பக்கத்தில் எத்தனை நாள் இருப்பான் என்பது தெரியவில்லை.

"துர்தகுனுக்காக," என்றாள். "துர்தகுன்னு ஒருத்தரு. என் வீட்டுக்காரரோட அண்ணன். தம்பிக்கு மண்ணு கெடைக்கணும்னு, தான் கும்பிடுற ஆண்டவன் மேலயே பொய்ச் சத்தியம் பண்ணினாரு. எசென் எதையும் சொல்லல. ஏசுவேன்னுதான் போனாரு. நான் பக்கத்துல இருந்து கேட்டேன். கேட்டுட்டு வாய மூடிக்கிட்டேன். எங்க ரெண்டு பேருக்காகவும் ஜெபிங்க."

பாக்கித் ரொட்டியைத் தட்டில் வைத்தான். "எசெனுக்காகவும்," என்றாள் லூபா அம்மாள், கண்ணை மூடிக்கொண்டே.

சாயங்கால பஸ் கைராக் விலக்கில் அவளை இறக்கிவிட்டுப் போனது. மலைப் பக்கமிருந்து ஊசிக் காற்று வீசியது. வீட்டுப் பக்கம் திரும்புமுன் மேட்டைப் பார்த்தாள். இனி இருக்கிற நாளெல்லாம் வீட்டைப் பார்க்குமுன் மேட்டைத்தான் பார்க்கப் போகிறாள். மண் அப்படியே இருந்தது. கம்பி வேலியும் பறவைகளும் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், கம்பை மடியில் போட்டுக்கொண்டு, காவல்காரன் போல ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

புருல் கீழே ரோட்டில் நின்றபடியே பேர் சொல்லிக் கூப்பிட்டாள். எதிர்க்காற்றில் அது அவர் காதில் விழவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள்.